பேப்பர்கிரீட் கல்லுக்கு முதலில் போர்வை, அப்புறம் காற்று

பழைய பேப்பரை ஊறவைத்து அரைத்து, சிமெண்ட் கலந்து வார்க்கிற பேப்பர்கிரீட் கல்லுக்குச் செய்முறை தேடினால், கலவை பற்றிப் பக்கம் பக்கமாகக் கிடைக்கும். காய வைப்பது பற்றி மட்டும் ஒரு வரிதான் இருக்கும்: வெயிலில் வையுங்கள், காய்ந்துவிடும். அந்த வரியை எழுதியவர்கள் பலரும் அரிசோனா, நியூ மெக்சிகோ, டெக்சஸ் மாதிரி வறண்ட சீமையில் கட்டியவர்கள். அங்கே அது சரி. நாங்கள் இருக்கிற நீலகிரிக் கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். மூன்று மணிக்கு எதிர்வீட்டுக் கூரை தெரியாத அளவுக்கு மூடுபனி இறங்கும். காலை முழுக்கக் காய்ந்ததைச் சாயங்காலம் கல் திரும்பக் குடித்துக்கொள்ளும். அதனால் மலையில் இதைச் செய்ய நினைக்கிறவர்களுக்காகக் காய வைக்கிற பகுதியை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

எங்களுக்குத் தேவை பெரிய கட்டடம் இல்லை. வீட்டின் பின்புறம் சாய்ப்பாக இறக்கிய ஓர் அறை. ஜிஐ பைப் தூண்கள் தகரக் கூரையைத் தாங்குகின்றன. தூண்களுக்கு நடுவே வருவது வெறும் அடைப்புச் சுவர், கூரையின் பாரம் எதுவும் அதன்மேல் இறங்காது. இதற்கு மேல் பேப்பர்கிரீட்டிடம் ஆசைப்படக் கூடாது என்பது என் கருத்து. ஈரம் பட்டால் வலு குறைகிற பொருளைத் தாங்கு சுவராக வைக்க மலை ஏற்ற இடம் இல்லை. ஆனால் குளிரைத் தடுப்பதில் செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் இதன் பக்கத்தில் வர முடியாது. நார்களுக்கு நடுவே அடைபட்ட காற்றுதான் அந்த வேலையைச் செய்கிறது. அந்த இடத்தில் காற்றுக்குப் பதில் தண்ணீர் நின்றால் கதையே வேறு. தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். காயாத கல்லை வைத்துக் கட்டினால், எதற்காகக் கட்டினோமோ அதுவே கிடைக்காது.

காரமடையிலிருந்து மலைக்கு வந்து வேலை செய்கிற கொத்தனார் அண்ணன் முதல் கல்லைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “சிமெண்ட் போட்டிருக்கீங்க, அப்போ தண்ணி விடணும். பேப்பர் போட்டிருக்கீங்க, அப்போ காய வைக்கணும். ரெண்டுல எது தம்பி?”

கேள்வி மிகச் சரியான இடத்தில் விழுந்தது. சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு வேதிவினை நடந்துதான் இறுகுகிறது. உள்ளே ஈரப்பதம் ஏறத்தாழ 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அந்த வினை கிட்டத்தட்ட நின்றுவிடும். பேப்பர் நாருக்கு இதற்கு நேர் எதிரான தேவை. அதிலிருந்து ஈரம் போனால்தான் கல் லேசாகும், சுருங்குவது முடியும், பூஞ்சணம் ஒதுங்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய வழியில்லை. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யலாம். முதலில் சிமெண்ட்டுக்கு வேண்டியது, அது முடிந்த பிறகு பேப்பருக்கு வேண்டியது. மலைக்கென்று நான் சொல்ல வந்தது இந்த வரிசையைத்தான்.

தண்ணீர் ஊற்றவே வேண்டாம் என்றதும் அண்ணனுக்கு நம்பிக்கை வரவில்லை. தராசில் வைத்துக் காட்டினேன். எங்கள் கல் ஒரு அடி நீளம், எட்டு அங்குல அகலம், நாலு அங்குல கனம். ஒரு கல்லில் காய்ந்த பேப்பர் ஒரு கிலோ, சிமெண்ட் ஒரு கிலோ, எம்-சாண்ட் அரை கிலோ. அச்சிலிருந்து எடுத்துத் தண்ணீர் வடிந்த பிறகு கல் 5.9 கிலோ நின்றது. அப்படியானால் உள்ளே சுமார் 3.4 லிட்டர் தண்ணீர். ஒரு கிலோ சிமெண்ட் முழுவதுமாக வினைபுரிய 400 மில்லி இருந்தால் தாராளம். பேப்பர் நார் அதைப்போல் எட்டு மடங்குக்கு மேல் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. மேலே ஊற்ற வேண்டிய அவசியமே இல்லை. இருக்கிற தண்ணீர் வெளித்தோலிலிருந்து அவசரமாகப் போய்விடாமல் தடுத்தால் போதும். மூலைகளும் விளிம்புகளும்தான் முதலில் காயும். சிமெண்ட் பிடிக்கும் முன் அவை காய்ந்தால், பின்னால் கையில் எடுக்கும்போது மூலை பொடிப்பொடியாக உதிரும். கல்லின் நடுப்பகுதி எவ்வளவு நன்றாக இருந்தாலும் மூலை உதிர்ந்த கல்லை வைத்து ஒழுங்கான வரிசை கட்ட முடியாது.

கலவையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செய்தித்தாளும் பழைய கணக்கு நோட்டும் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கியது. பிளாஸ்டிக் பூச்சுள்ள அட்டை, ஜூஸ் டப்பா, இனிப்புப் பெட்டி எல்லாம் ஒதுக்கிவிட வேண்டும். சர்க்கரை சிமெண்ட்டுக்கு எதிரி. சிமெண்ட் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு சர்க்கரை இருந்தாலே இறுகுவது தள்ளிப்போகும். செய்தித்தாளில் மரத்தின் லிக்னினும் வேறு சாறுகளும் நிறைய மிச்சம் இருக்கும், அவையும் கொஞ்சம் அதே வேலையைச் செய்யும். அதனால் ட்ரம்மில் இரண்டு மூன்று நாள் ஊறிய பிறகு மேலே நிற்கிற பழுப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் விட்டு, ட்ரில் மெஷினில் பெயிண்ட் கலக்குகிற கம்பியை மாட்டி அரைத்தோம். நார் இட்லி மாவு பதத்துக்கு வர வேண்டும். பேப்பர் துண்டு துண்டாகத் தெரிந்தால் அந்தத் துண்டுகளுக்கு நடுவே சிமெண்ட் போகாது.

அச்சு சில்வர் ஓக் பலகையில் செய்தது. அடிப்பலகை கிடையாது, கொசுவலைக் கம்பி விரித்த சட்டத்தின்மேல் வைப்போம். உள்ளே இரண்டு அங்குல பிவிசி பைப் இரண்டைக் குத்தாக நிறுத்தி, கலவையை ஊற்றி, தண்ணீர் வடிந்ததும் பைப்பை உருவிவிடுவோம். கல்லில் இரண்டு ஓட்டை கிடைக்கும். சிமெண்ட் மிச்சமாகும் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். உண்மையான காரணம் காய வைப்பதில் இருக்கிறது. ஈரம் வெளியே வர எடுக்கிற நேரம் கனத்தின் வர்க்கத்தோடு போகும். நாலு அங்குலக் கல்லுக்கு 16 என்றால் மூன்று அங்குலக் கல்லுக்கு 9 போதும். நடுவில் ஓட்டை விழுந்தால், கல்லின் எந்தப் புள்ளியிலிருந்தும் காற்று அதிக தூரத்தில் இல்லை. மலையில் ஆறு அங்குலம், எட்டு அங்குலம் கனத்தில் முழுக்கல் வார்க்க யாராவது திட்டம் போட்டால், தயவுசெய்து வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

வடிகிற சாம்பல் நிறத் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. அது கடுமையான காரம், காரத்தையும் புளிப்பையும் காட்டுகிற பிஎச் எண் 12க்கு மேல் இருக்கும். கையுறை இல்லாமல் கலவையைத் தொட வேண்டாம், ஒரு நாள் முழுக்க வெறும் கையோடு வேலை செய்தால் தோல் வெந்து உரியும். தேயிலைக்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும், பிஎச் 4.5 முதல் 5.5 வரை. இந்தத் தண்ணீரைத் தேயிலைச் செடிப் பக்கம் விட்டால் செடி வருத்தப்படும். நாங்கள் தனியாக ஒரு குழி எடுத்து அதற்குள் விட்டோம்.

இனி சிமெண்ட்டின் காலம். கடையில் இப்போது எங்கும் பிபிசி, அதாவது சாம்பல் கலந்த சிமெண்ட்தான் கையில் கொடுப்பார்கள். பூச்சு வேலைக்கு அது நல்ல சரக்கு. ஆனால் மெதுவாகத்தான் வலுப்பிடிக்கும், குளிரில் இன்னும் மெதுவாக. நான் கேட்டு வாங்கியது 53 கிரேடு ஓபிசி, அதாவது சாம்பல் கலக்காத சாதாரண சிமெண்ட். மூட்டையில் எந்த வாரம், எந்த வருஷம் தயாரித்தது என்று அச்சடித்திருக்கும், அதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். மலைக் காற்றின் ஈரத்தில் மூட்டைக்குள்ளேயே சிமெண்ட் கட்டி தட்டும். விரலால் நசுக்கினால் தூளாகாத கட்டி இருந்தால் அந்த மூட்டை பேப்பர்கிரீட்டுக்கு ஆகாது.

கான்கிரீட்டுக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 456 ஓபிசிக்குக் குறைந்தது 7 நாள் க்யூரிங், அதாவது ஈரம் காயாமல் காப்பது, கேட்கிறது, கலப்பு சிமெண்ட்டுக்கு 10 நாள். பேப்பர்கிரீட்டுக்கென்று அது எழுதப்பட்டதல்ல, ஆனாலும் சிமெண்ட் ஒன்றுதானே. அந்தக் கணக்கு ஓரளவு வெதுவெதுப்பான இடத்தை நினைத்துப் போட்டது. மலைக்கு அதை மாற்ற எளிய வழி ஒன்று உண்டு. அன்றைய சராசரி வெப்பநிலையோடு 10 கூட்டினால் வருவது அன்றைக்குச் சிமெண்ட் சம்பாதிக்கிற மதிப்பெண். காரமடையில் 28 டிகிரி என்றால் ஒரு நாளைக்கு 38, ஏழு நாளில் 266. இங்கே மாசி மாதத்தில் பகல் இரவு சேர்த்து சராசரி 14 டிகிரி என்று வைத்தால் ஒரு நாளைக்கு 24தான். அதே 266ஐ எட்டப் பதினோரு நாள் ஆகும். பிபிசி என்றால் பதினாறு நாள் போல. தை மாதத்தில் விடியற்காலை 10 டிகிரிக்குக் கீழே இறங்குகிற இடங்களில் இன்னும் கூடும். ஊட்டிப் பள்ளத்தாக்குகளில் மார்கழி, தையில் புல்வெளி வெள்ளையாகிற அளவுக்கு உறைபனி விழும். வார்த்த புதிதில் கல்லுக்குள் தண்ணீர் உறைந்தால் அது விரிந்து, அப்போதுதான் பிடிக்கத் தொடங்கிய சிமெண்ட்டைப் பிளந்துவிடும். அங்கே இருப்பவர்கள் அந்த இரண்டு மாதமும் வார்க்காமல் இருப்பதே நல்லது.

போர்வை என்று தலைப்பில் சொன்னது இதைத்தான். தரைக்கு மேல் பலகை போட்டு, கற்களை விரல் இடைவெளியில் நெட்டுக்குத்தாக நிறுத்தி, மேலே நனைத்துப் பிழிந்த கோணிச்சாக்கு, அதன்மேல் கறுப்புத் தார்ப்பாய். நாலு பக்கமும் தார்ப்பாயை இழுத்துக் கல் வைத்து அழுத்திவிட்டோம். பகல் வெயிலில் கறுப்புத் தார்ப்பாய்க்குள் வெதுவெதுப்பு ஏறும், ஈரம் எங்கும் போகாது. சாயங்காலம் அதன்மேல் காய்ந்த சில்வர் ஓக் இலை நிரப்பிய சாக்குகளை அடுக்கினோம். தோட்டத்தில் அந்த இலைக்குப் பஞ்சமே இல்லை, இதைவிட மலிவான மெத்தை கிடைக்காது. காலையில் உள்ளே கைவிட்டுப் பார்த்தால் வெளியே இருக்கிற குளிர் உள்ளே இருக்காது. நேரடியாக மண் தரையில் வைத்தால் ராத்திரி முழுக்கத் தரை சூட்டை உறிஞ்சும், அதனால் பலகை முக்கியம்.

இவ்வளவு ஈரத்தில் பொத்தி வைத்தால் பூஞ்சணம் பிடிக்காதா என்று வீட்டில் கேட்டார்கள். இந்தக் கட்டத்தில் பிடிக்காது. புதுச் சிமெண்ட்டின் காரத்தில் பூஞ்சணம் வளர முடியாது. பயப்பட வேண்டிய காலம் பின்னால் வருகிறது.

போர்வையை எடுக்கலாமா என்று தெரிந்துகொள்ள நாள் கணக்கை மட்டும் நம்பவில்லை. கல்லின் மூலையைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்ப்பேன். ஈர நார் உருண்டு வந்தால் இன்னும் நேரம் வேண்டும். விரலில் சாம்பல் நிறத் தூள் மட்டும் ஒட்டி, மூலை மூலையாகவே நின்றால் சிமெண்ட் தன் வேலையைச் செய்துவிட்டது. இன்னொன்று, கல்லை ஒரு முனையில் மட்டும் பிடித்துத் தூக்கினால் மறுமுனை தொங்கக் கூடாது.

அடுத்தது காய வைப்பது. இங்கேதான் கணக்கு மனிதனை உட்கார வைக்கும். ஒரு கல்லிலிருந்து போக வேண்டியது சுமார் 3 லிட்டர் தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 0.68 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். ஒரு கல்லுக்கு இரண்டு யூனிட், நூறு கல்லுக்கு இருநூறு யூனிட், அதுவும் ஒரு துளி சூடு வீணாகாமல் இருந்தால். ஹீட்டர் யோசனையை அங்கேயே விட்டுவிட்டேன். கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைத்துக் காய வைக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். அதை யாரும் செய்ய வேண்டாம். குளிருக்கு மூடிய அறையில் கரி மூட்டிவிட்டுத் தூங்கியவர்கள் எழுந்திருக்கவே இல்லை என்ற செய்தி மலையில் பலமுறை வந்திருக்கிறது. கரியமில வாயு என்று நாம் பொதுவாகச் சொல்வதைவிடக் கொடியது கார்பன் மோனாக்சைடு, அதற்கு மணமே கிடையாது.

சரி, காற்று. ஒரு கன மீட்டர் காற்று 10 டிகிரியில் அதிகபட்சம் 9.4 கிராம் நீராவியைத்தான் சுமக்கும். 20 டிகிரியில் 17.3 கிராம், 30 டிகிரியில் 30.4 கிராம். மூடுபனி என்றால் காற்று ஏற்கனவே முழுதாகச் சுமந்துகொண்டிருக்கிறது, அதற்கு மேல் ஒரு துளிகூட எடுக்காது. ஆனால் அதே 12 டிகிரி மூடுபனிக் காற்றை 20 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு இறங்கிவிடும். வெளியே 18 டிகிரி, 70 சதவீதம் இருக்கிற ஒரு நல்ல காலைக் காற்றை 30 டிகிரிக்கு ஏற்றினால் 35 சதவீதம் ஆகும். அந்தக் காற்று தாகத்தோடு இருக்கிறது.

நடைமுறையில் ஒரு கன மீட்டர் காற்று கல்லைத் தாண்டிப் போகும்போது 3 கிராம் எடுத்துப் போனாலே அதிகம். 3 லிட்டருக்கு ஆயிரம் கன மீட்டர் காற்று வேண்டும், அதுவும் ஒரே ஒரு கல்லுக்கு. பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் 28 கன மீட்டர். அந்த அறையின் காற்று முழுவதும் முப்பத்தைந்து முறை மாறினால் ஒரு கல் காயும். கதவைச் சாத்தி அறைக்குள் அடுக்கிய கற்கள் ஏன் வாரக்கணக்கில் ஈரமாகவே இருக்கின்றன என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. சூடு முக்கியம்தான், ஆனால் ஈரத்தைச் சுமந்த காற்று வெளியே போவது அதைவிட முக்கியம்.

இதை கோத்தகிரியில் யாருக்கும் விளக்க வேண்டியதே இல்லை. தேயிலை ஃபேக்டரியில் பச்சை இலையை வாட்டுகிற நீளத் தொட்டியைப் பார்த்தவர்கள்தானே எல்லோரும். வலைமேல் இலையைப் பரப்பி, அடியிலிருந்து பெரிய ஃபேன் காற்றைத் தள்ளும். மழைக்காலத்தில் வெளிக்காற்று ஈரமாக இருந்தால் சூடான காற்றைக் கலந்து விடுவார்கள். அந்த ஏற்பாட்டையே கல்லுக்கு எடுத்துக்கொண்டேன்.

பக்கத்துத் தோட்டத்து அக்கா கார்னேஷன் போட்டுக்கொண்டிருந்த பாலிஹவுஸ் பூ நிறுத்திய பிறகு காலியாகக் கிடந்தது. “வைகாசிக்குள்ள காலி பண்ணிக் குடுத்துடுங்க, நான் குடமிளகாய் போடணும்” என்று சொல்லி விட்டுக்கொடுத்தார். பிளாஸ்டிக் தாள் வெயிலை உள்ளே விடும், பகலில் 30 டிகிரி தாண்டும். மேல் ஜன்னல் திறந்திருந்தால் சூடான ஈரக்காற்று தானாக ஏறி வெளியே போகும், கீழ்ப்பக்கத் திரையைச் சுருட்டிவிட்டால் புதுக்காற்று உள்ளே வரும். மேல் ஜன்னல் இல்லாத பாலிஹவுஸில் இதைச் செய்தால் அது காய வைக்கிற இடமாக இருக்காது, வேக வைக்கிற இடமாகத்தான் இருக்கும்.

கற்பூர மரக் கம்புகளை இரண்டு வரிசையாகப் போட்டு, ஒரு முழ உயரத்தில் பரண் கட்டினோம். கற்களை நெட்டுக்குத்தாக, இரண்டு விரல் இடைவெளி விட்டு, ஓட்டை காற்று வரும் திசையைப் பார்க்கும்படி அடுக்கினோம். படுக்க வைத்தால் அடிப்பக்கம் காயாது, மேல்பக்கம் முதலில் சுருங்கி, கல் ஓடு மாதிரி வளையும். ஒரு முனையில் தரையோடு பெடஸ்டல் ஃபேன், பரணின் இரண்டு பக்கமும் தார்ப்பாய்த் தடுப்பு. காற்று கற்களுக்கு நடுவே போய்த்தான் ஆக வேண்டும், சுற்றிக்கொண்டு போக வழியில்லை.

இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றை வெளியே கட்டித் தொங்கவிட்டேன். வெளியே 75 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் திரையைத் திறந்து ஃபேன் போடுவது, மேலே போனால் எல்லாம் மூடுவது. வழக்கமாகக் காலை ஒன்பதரை, பத்துக்குத் திறந்து, இரண்டரை மூன்றுக்கு மூடிவிடுவோம். மூடுபனி இறங்கிய பிறகு ஃபேன் ஓடினால் அது பனியைக் கல்லுக்குள் தள்ளுகிற வேலைதான். ராத்திரியில் தாளின் உள்பக்கம் நீர் கோத்து, விடியற்காலையில் சொட்டும். தகரக் கூரை என்றாலும் இதேதான். சொட்டுகிற நீர் கல்லில் விழாதபடி பரணுக்கு மேலே, கல்லில் படாமல், ஒரு தார்ப்பாயைச் சாய்வாகக் கட்டிவிட வேண்டும். வெயில் தாளில் பட்டதும் மேல் ஜன்னலை மட்டும் முதலில் திறந்து, ராத்திரி சேர்ந்த ஈரத்தை விரட்டிவிட்டு, அரை மணி கழித்துக் கீழே திறப்பது நல்ல பழக்கம்.

எல்லாக் கல்லையும் தினம் எடை போட முடியாது. மூன்று கற்களில் ஈரமாக இருக்கும்போதே ஆணியால் அடையாளம் கீறி வைத்தேன். ஒன்று ஃபேனுக்கு எதிரே, ஒன்று நடுவில், ஒன்று வடக்கு மூலையில் கீழே. மூன்றாவது கல்தான் உண்மையைச் சொல்லும். 5.9 கிலோவில் தொடங்கியவை போர்வைக்குள் இருந்து வெளியே வரும்போது 5.6. பாலிஹவுஸில் முதல் வாரத்தில் எடை மளமளவென்று இறங்கியது, ஃபேனுக்கு எதிரே இருந்தது 4 கிலோவுக்குக் கீழே வந்துவிட்டது. அந்த வேகத்தைப் பார்த்து நாள் குறிக்கக் கூடாது. முதலில் போவது நார்களுக்கு நடுவே சும்மா நிற்கிற தண்ணீர். நாரின் சுவருக்குள்ளேயே ஊறிப் பிடித்திருக்கிற தண்ணீர் கடைசியில்தான் வரும், மெதுவாகத்தான் வரும், கல் சுருங்குவதும் அப்போதுதான். 4 கிலோவிலிருந்து 3.1க்கு வர, அதற்கு முன் பிடித்ததைப்போல் இரண்டு மடங்குக் காலம் பிடித்தது. வடக்கு மூலைக்கல் அதற்கும் பின்னால் ஊர்ந்து வந்தது. வாரம் ஒரு முறை மூலைக்கற்களையும் ஃபேன் பக்கத்துக் கற்களையும் இடம் மாற்றியபோதுதான் மூன்றும் நெருங்கின.

எடை குறையாமல் நின்றால் கல் காய்ந்துவிட்டது என்பார்கள். மலையில் அது பாதி உண்மை. எடை நின்றால் கல்லும் சுற்றியிருக்கிற காற்றும் சமமாகிவிட்டன என்றுதான் பொருள். காற்றே 90 சதவீதம் ஈரத்தில் இருந்தால், பேப்பர் நார் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தண்ணீரோடு அதில் திருப்தியாக நிற்கும். பூஞ்சணத்துக்கு அது போதும். அதனால் எடை நின்ற கல் ஒன்றை அறுத்து, நடுப்பகுதியிலிருந்து 200 கிராம் துண்டு எடுத்து, பழைய ஓடிஜி அடுப்பில் 105 டிகிரியில் எடை மாறாத வரை வைத்தேன். 176 கிராம் வந்தது. சிமெண்ட் பிடித்த நீரிலும் கொஞ்சம் அதில் போயிருக்கும், அதனால் 24 கிராமும் பேப்பரின் ஈரம் என்று சொல்ல முடியாது. ஒரு கல்லை இன்னொன்றோடு ஒப்பிட மட்டும் இந்த எண் உதவும். இரண்டு முள் குத்திப் பார்க்கிற மரத்து ஈரமானியை இதில் நம்பாதீர்கள். சிமெண்ட்டின் உப்புகள் மின்சாரத்தைக் கடத்தி எண்ணைக் கூட்டிக் காட்டும்.

பயப்பட வேண்டிய காலம் என்று மேலே சொன்னேனே, அது இதுதான். கல்லின் வெளித்தோல் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்து, காரம் குறைந்துகொண்டே வரும். பிஎச் 9க்குப் பக்கத்தில் இறங்கிய பிறகு தோலில் பூஞ்சணத்துக்குத் தடை இல்லை. உள்ளே இன்னும் ஈரம் இருந்தால் வார்த்து இரண்டு மூன்று வாரம் கழித்து வெள்ளைப் புள்ளிகள் எட்டிப்பார்க்கும். வெள்ளை எல்லாம் பூஞ்சணம் இல்லை. உள்ளிருந்து தண்ணீரோடு வந்த சுண்ணாம்பு வெளியே படிவதும் வெள்ளைதான், அதனால் தீங்கு இல்லை. பிரித்துப் பார்க்க, வெள்ளையைக் கத்தியால் லேசாகச் சுரண்டி எவர்சில்வர் தட்டில் போட்டு ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டேன். பொடிப்பொடியாக நுரைத்தால் சுண்ணாம்பு. அசையாமல் கிடந்து, முகர்ந்தால் பழைய கோணிச்சாக்கு வாடை அடித்தால் பூஞ்சணம். வடக்கு மூலையில் நாலைந்து கற்களில் இரண்டாவது வகை வந்திருந்தது. அவற்றை வெளியே எடுத்து, பிரஷ்ஷால் துடைத்து, வெயிலில் வைத்து, போராக்ஸ் (வெண்காரம்) கரைத்த வெந்நீரைத் தெளித்துத் திரும்பக் காய வைத்தோம். போராக்ஸ் பூஞ்சணத்தையும் தடுக்கும், பேப்பரில் தீச்சுவாலை பரவுவதையும் குறைக்கும். ஆனால் அதைக் கலவையில் போட்டுவிடாதீர்கள், சிமெண்ட் இறுகுவதைக் கெடுக்கும். காய்ந்த கல்லின்மேல் தெளிப்பதுதான் முறை.

காய்ந்த கல் சுமார் 2.9 கிலோ. ஒரு கையில் தூக்கலாம், மர ரம்பத்தால் அறுக்கலாம். கனத்தில் கால் அங்குலம் போலச் சுருங்கியிருந்தது, நீளத்தில் அவ்வளவு இல்லை. இந்தச் சுருக்கம் சுவரில் ஏறும் முன்பே முடிந்துவிட வேண்டும் என்பதால்தான் இவ்வளவு பாடும். ஈரக்கல்லை அடுக்கினால் சுவர் முழுவதும் சேர்ந்து சுருங்கும், தூண் ஓரத்தில் விரல் நுழைகிற வெடிப்பு விழும்.

சுவர் கட்டும்போது பார்த்துக்கொண்ட இரண்டு விஷயங்கள். கீழே ஒன்றரை அடி உயரத்துக்குக் கருங்கல் அஸ்திவாரச் சுவர், அதன்மேல் தார்ஷீட் விரித்துத்தான் முதல் வரிசைக் கல். பேப்பர்கிரீட் திரி மாதிரி தண்ணீரை மேலே இழுக்கும், தரையோடு தொடர்பே இருக்கக் கூடாது. கூரை இரண்டடி வெளியே நீண்டிருக்கிறது. சாந்தும் பேப்பர்கிரீட்டே, ஆனால் அரை அங்குலத்துக்கு மேல் கனம் வேண்டாம் என்று அண்ணனிடம் சொன்னோம். சாந்தின் ஈரத்தைக் காய்ந்த கல் உடனே உறிஞ்சிவிடுமே என்று அவர் கவலைப்பட்டார். நியாயமான கவலை. கல்லின் அடிப்பக்கத்தை மட்டும் ஈரத்துணியால் ஒற்றிவிட்டு வைத்தார். மூன்று வரிசை கட்டியதும் நிறுத்தி, மறுநாள் மேலே போனோம்.

பூச்சுக்கு இன்னும் கை வைக்கவில்லை. வெளிப்பக்கம் சுண்ணாம்புப் பூச்சு வரப்போகிறது. உள்ளே மிச்சமிருக்கிற ஈரம் அதன் வழியாக வெளியேறும். பிளாஸ்டிக் தன்மையுள்ள பெயிண்ட்டோ பட்டியோ அடித்தால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, அடுத்த ஐப்பசியில் உப்பிக்கொண்டு வரும். பட்டி அடிக்கச் சொல்லி வற்புறுத்துகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், விட்டுக்கொடுக்க வேண்டாம்.

எந்த மாதத்தில் தொடங்குவது என்பது எந்தச் சரிவில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரியது, தொட்டபெட்டா சிகரம் தென்மேற்கு மழையைப் பெரும்பாலும் அந்தப் பக்கமே தடுத்துவிடும். இங்கே தை கடைசியில் வார்த்துப் பங்குனி, சித்திரையில் காய வைக்கலாம். கொடைக்கானலுக்கும் பெரிய மழை வடகிழக்கில்தான், ஏறத்தாழ இதே கணக்கு பொருந்தும். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் பிறந்தால் தென்மேற்கு மழை விடாது. அங்கே இருப்பவர்கள் மாசிக்குள் வார்த்து முடித்து, சித்திரைக்குள் கல்லைச் சுவரில் ஏற்றி, வைகாசிக்கு முன் கூரையும் போட்டுவிட வேண்டும். மிச்சமாகிற கற்களைத் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டாமல், நாலு பக்கமும் திறந்த கொட்டகையில் பரணிலேயே விட்டு வையுங்கள்.